கறி என்ற சொல்லும் திரும்பி வந்த 200 கிலோ பொடியும்

சென்னைக்குப் போன இருபது பெட்டியும் பதினோராம் நாள் பார்சல் லாரியில் மதுரை செல்லூருக்கே திரும்பி வந்து இறங்கின. பெட்டிக்கு 100 கிராம் பாக்கெட் நூறு, மொத்தம் 200 கிலோ. பாக்கெட்டின் மேல் ஆங்கில எழுத்தில் ‘கறி பவுடர்’ என்று பெரிதாக அச்சடித்திருந்தோம். பொடியில் கலப்படம் இல்லை, பூச்சி இல்லை, ஈரம் இல்லை. ஆர்டர் கொடுத்த ஏற்றுமதியாளர் போனில் சொன்னது இவ்வளவுதான்: “அக்கா, இது கறி பவுடரே இல்லைன்னு அங்கே சொல்றாங்க.” கறி என்பது நம்ம சொல். மதுரையில் உட்கார்ந்து கறிமசால் அரைக்கிறவர்களுக்கு எது கறிப்பொடி என்று இங்கிலாந்துக் கடைக்காரர் பாடம் எடுப்பதா என்று அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கோபம் அடங்க ஒரு வாரம் ஆனது. அவர் சொன்னது நியாயம் என்று விளங்க இன்னும் இரண்டு வாரம் ஆனது. மசாலாத் தொழிலில் புதிதாக இறங்குகிறவர்கள், அதுவும் வெளியூர் ஆர்டர் எடுக்கிறவர்கள், இதைப் படித்துவிட்டு இறங்கட்டும். முன்னாலேயே ஒரு ஆள் எடுத்துச் சொல்லியிருந்தால் எனக்கு ₹36,100 மிச்சமாகியிருக்கும்.

ஆர்டர் வந்தபோது அவர் சொன்னது, “கறி பவுடர்தான் அக்கா, உங்க ஊரு வாசனையோட நல்லா இருக்கணும், காரம் மட்டும் கம்மியா”. எங்களுக்குக் கறி என்றால் ஆட்டுக்கறி. மதுரையில் “கறி எடுத்துட்டு வா” என்றால் கசாப்புக் கடைக்குப் போய்வா என்று பொருள். கறிதோசை என்றால் மேலே கொத்துக்கறி பரப்பிய தோசை. ஆகவே கறிமசால்தான் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டோம். பத்துக் கிலோவுக்கு எங்கள் அளவு இது: மல்லி 5 கிலோ, மிளகாய் வத்தல் இரண்டரைக் கிலோ (ராமநாதபுரம் குண்டு வத்தலும் சம்பாவும் சரிபாதி), சீரகம் 700 கிராம், சோம்பு 700, மிளகு 500, விரலி மஞ்சள் 300, பட்டை 100, கிராம்பு, ஏலம், கல்பாசி, அன்னாசிப்பூ ஆளுக்கு 50. காரம் கம்மி என்றதால் வத்தலை இரண்டு கிலோவாக்கி மல்லியை ஐந்தரையாக்கினோம். எல்லாவற்றையும் தனித்தனியே வறுத்தோம். மல்லி நிறம் மாறி மணம் எழும்பும் வரை, சோம்பும் சீரகமும் படபடவென்று பொரியும் வரை. வறுக்கும்போதும் அரைக்கும்போதும் எடை குறையும். 200 கிலோ பொடி கையில் வேண்டுமென்றால் 215 கிலோ சாமான் போட வேண்டும். வந்த பொடி அடர்ந்த செம்பழுப்பு. கறிக்குழம்புக்கு அதைவிட நல்ல பொடி வேண்டியதில்லை, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

அவர்கள் எதிர்பார்த்தது மஞ்சள் பொடி. பத்துக் கிலோவுக்குக் கணக்குப் போட்டால் மல்லி 3 கிலோ 600, மஞ்சள் 2 கிலோ 400, சீரகம் 1 கிலோ 200, வெந்தயம் ஒரு கிலோ, சுக்கு அரைக் கிலோ, மிளகு 400 கிராம், மிளகாய் 400 கிராம், கடுகு 300, பட்டை 100, கிராம்பும் ஏலமும் ஐம்பது ஐம்பது. கடைக்குக் கடை சற்று மாறும், ஆனால் எலும்புக்கூடு இதுதான்: மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம். எங்கள் பொடியில் மஞ்சள் நூற்றுக்கு மூன்று, அவர்கள் பொடியில் இருபத்துநாலு. எங்களுடையதில் மிளகாய் குறைத்த பிறகும் இருபது, அவர்களுடையதில் நாலு. வெந்தயம் எங்களிடம் அறவே கிடையாது, அவர்களிடம் பத்து. அந்த வெந்தயம்தான் ஆங்கிலேயர் ‘கறி வாசனை’ என்று சொல்வதற்குக் காரணம். அதில் சோட்டலோன் என்ற ஒரு பொருள் இருக்கிறது, மேப்பிள் பாகுக்கும் அதே வாசனைதான். பாக்கெட்டைப் பிரித்தவருக்கு அந்த வாசனையும் வரவில்லை, மஞ்சள் நிறமும் இல்லை. சோம்பும் கல்பாசியும்தான் தூக்கலாக வந்திருக்கின்றன. அவர் வேறென்ன சொல்லியிருப்பார்?

சரி, ஆங்கிலத்துக்குப் போன பிறகுதான் சொல் மாறியது என்று நினைத்தால் அதுவும் இல்லை. இங்கேயே நாலு திசைக்கு நாலு பொருள். எங்கள் தெருவில் கறி என்றால் இறைச்சி. அதே மதுரையில் சைவச் சமையல் வீடுகளில் ‘வாழைக்காய்க் கறி’ என்றால் குழம்பில்லாமல் வதக்கி எடுப்பது. அந்த வீடுகளில் கறிப்பொடி என்று கேட்டால், மல்லி, கடலைப்பருப்பு, உளுந்து, வத்தல் வறுத்துக் கொரகொரப்பாக அரைத்துக் காயின் மேல் தூவுகிற பொடியைக் கொடுக்க வேண்டும். நம் கறிமசாலை அந்தக் காயில் போட்டால் குப்பைக்குத்தான் போகும். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு மீன்கறி, பருப்புக்கறி, கத்தரிக்காய்க் கறி எல்லாமே கறி. காய் உணவுக்கு மரக்கறி என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். அவர்கள் கறித்தூள் என்றால் மிளகாய் தூக்கலாக வறுத்து இடித்த தூள். மலையாளத்திலும் சோற்றுக்கு ஊற்றிக்கொள்கிற, தொட்டுக்கொள்கிற எதுவும் கறிதான். நாம் எல்லோருமே நாள்தோறும் சொல்கிற ‘காய்கறி’யில் இருக்கிற கறியை யாரும் இறைச்சி என்று எடுத்துக்கொள்வதில்லை.

இன்னும் பின்னால் போனால் கறி என்பது மிளகு. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து இறங்குகிற சரக்கில் ‘காலின் வந்த கருங்கறி மூடை’ என்று ஒன்று வரும். வண்டியில் வந்த கரிய மிளகு மூட்டை. அகநானூற்றில் யவனர் மரக்கலம் முசிறிக்குப் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்கிற இடத்திலும் அதே மிளகுதான். பொன் கொடுத்து வாங்கிப் போன சரக்கின் பெயர் அது. பிறகு கோயில் கல்வெட்டுகளில் நெய்யமுது, தயிரமுது என்று படையல் கணக்கு எழுதும் இடத்தில் ‘கறியமுது’ என்று வருகிறது, அங்கே அது சமைத்த காய். இன்றைக்கு நமக்குக் காரம் என்றால் நினைவுக்கு வருகிற மிளகாய் அப்போது இந்தப் பக்கமே கிடையாது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்த காய்க்கு, மிளகு போல உறைக்கிறது என்று மிளகுப் பெயரையே வைத்தோம். மிளகாய் என்ற சொல்லைப் பிரித்தாலே அது தெரியும்.

ஆங்கிலச் சொல்லும் அதே போர்ச்சுகீசியர் வழியில்தான் போயிருக்கிறது. கோவாவில் மருத்துவராக இருந்த கார்சியா த ஓர்த்தா 1563-இல் அச்சான தன் நூலில், கோழியும் இறைச்சியும் போட்டுச் செய்கிற பதார்த்தத்தைக் ‘கரில்’ என்று குறிக்கிறார். போர்ச்சுகீசிய மொழியில் இன்றைக்கும் அதுதான் பெயர். 1747-இல் லண்டனில் ஹன்னா கிளாஸ் என்ற அம்மையார் எழுதிய சமையல் புத்தகத்தில் இந்திய முறைக் கறி ஒன்று இருக்கிறது. கோழி அல்லது முயல், சின்னதாக நறுக்கிய வெங்காயம், முப்பது மிளகு, ஒரு பெரிய கரண்டி அரிசி; மல்லியைச் சுத்தமான இரும்பு மண்வாரியில் போட்டு நெருப்பில் சிவக்க வறுத்துப் பொடித்துப் போடச் சொல்கிறார். மஞ்சளும் இல்லை, மிளகாயும் இல்லை. வறுத்த மல்லியும் மிளகும்தான். எனக்கு அதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது, ஏனென்றால் அது எங்கள் கறிமசாலின் அடித்தளம். மஞ்சளும் இஞ்சியும் பின்வந்த பதிப்புகளில்தான் நுழைகின்றன. 1784-இலேயே லண்டன் பிக்காடில்லியில் ஒரு வாசனைத் திரவியக் கடை, தயாராக அரைத்த கறிப்பொடிக்குப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்திருக்கிறது. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது 1810-இல் அதே லண்டனில் இந்தியச் சாப்பாட்டுக் கடை திறந்தார். இந்தியாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களுக்கு நாக்கு கேட்டது, ஆனால் அம்மியும் இல்லை, அரைக்க ஆளும் இல்லை. இங்கே குழம்புக்குக் குழம்பு மாறுகிற மசாலை அங்கே ஒரே புட்டியில் அடைத்து எல்லாவற்றுக்கும் போட்டார்கள். வெங்காயத்தை வெண்ணெயில் வதக்கி, அதிலேயே பொடியையும் கொஞ்சம் மாவையும் போட்டுக் கிளறி, சாறு ஊற்றிக் கொதிக்கவிடுகிற சமையலுக்கு அந்தப் பொடி பழகியது. கொழுப்பில் வதங்கும்போது அது பச்சை வாசனையை விட்டுவிடும், அதனால் கருக வறுக்கத் தேவை இல்லை. ஜப்பானுக்கும் கறி இங்கிலாந்து வழியாகப் போனதால் அங்கேயும் மஞ்சள் பொடிதான். ஆக அந்தப் பொடிக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் வயசு. அதைப் ‘போலி’ என்று நாம் தள்ளிவிட முடியாது. அது வேறு ஒரு பண்டம், பெயர் மட்டும் நம்முடையது.

ஒரு எச்சரிக்கை. 1390 வாக்கில் இங்கிலாந்து அரசன் அடுக்களையில் தொகுத்த சமையல் சுவடியின் தலைப்பில் ‘க்யூரி’ என்ற சொல் இருப்பதைக் காட்டி, கறி ஆங்கிலேயர் சொல்தான் என்று சிலர் வாதாடுவார்கள். அது பழைய பிரெஞ்சில் சமைப்பதைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது. எழுத்து ஒத்துப்போவதைத் தவிர உறவு இல்லை. குதிரையைத் தேய்க்கிற சீப்புக்கும் தோல் பதனிடுகிறவருக்கும் ஆங்கிலத்தில் இதே உச்சரிப்பில் சொற்கள் உண்டு, அவையும் வேறு.

நஷ்டக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கீழமாசி வீதியில் வாங்கிய சாமான் ₹46,600. வறுக்க, அரைக்க ₹4,700. அச்சடித்த பாக்கெட் 2,000, ஒன்றுக்கு 6 ரூபாய் வீதம் ₹12,000. நிரப்பி ஒட்டிய கூலி ₹4,000. பார்சல் போக வர ₹4,800. மொத்தம் ₹72,100. திரும்பி வந்ததில் 180 கிலோவைப் பாக்கெட் பிரித்து, இங்குள்ள மெஸ்களுக்குச் சில்லறையாகக் கிலோ 200 ரூபாய்க்குத் தள்ளினோம். ₹36,000 வந்தது. மிச்சம் 20 கிலோ பிரித்துக் கொட்டிய கிழமையே வாசனை இறங்கிப் போனது. இதில் மனசு ஆறாத செலவு பாக்கெட்டுதான். பொடியை விற்கலாம், அச்சான பாக்கெட்டை என்ன செய்வது? மாதிரிக்கு ஒப்புதல் வராமல் பாக்கெட் அடிக்கவே கூடாது. முதல் ஆர்டருக்கு வெறும் பாக்கெட்டில் ஸ்டிக்கர் போதும்.

மஞ்சள் பொடியைத் தயாரிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது நிறைய. மஞ்சளைத் தூளாக வாங்காதீர்கள், கலப்படம் அதில்தான் அதிகம். ஈரோட்டு விரலியாக வாங்கி, முதலில் கொட்டைப்பாக்கு அளவுக்கு இடித்துவிட்டுத் தனியாக அரையுங்கள். முழு விரலியை மல்லியோடு சேர்த்து மிஷினில் கொட்டினால் மல்லி மாவாகிக் கருகும் சூட்டுக்குப் போன பிறகும் மஞ்சள் குருணையாக நிற்கும். விரலால் தேய்த்தால் நறநறவென்று தட்டுப்படும், சல்லடையிலும் தங்கும். மல்லியையும் சீரகத்தையும் ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்தால் போதும், வாணலி வேண்டாம். வெயில் இல்லாத நாளில் கை பொறுக்கிற சூட்டில் புரட்டி எடுக்கலாம். வெந்தயத்தில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். பச்சையாகப் போட்டால் பயறு வாடை வரும். பொன்னிறம் தாண்டிச் சிவந்துவிட்டால் கசப்பு ஏறும், பத்துக்கு ஒரு பங்கு போடுகிற பொடியில் அந்தக் கசப்பை வேறு எதனாலும் மறைக்க முடியாது. மிதமான தீயில் கைவிடாமல் கிளறி, ஒரு வெந்தயத்தைக் கடித்தால் கடக்கென்று உடைகிற பதத்தில், நிறம் லேசாகத் திரும்பும்போதே தட்டில் கொட்டிவிட வேண்டும். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே சிவந்துவிடும். நாங்கள் 5 கிலோ வெள்ளோட்டம் இரண்டு தடவை இப்படித்தான் கெடுத்தோம்.

அரைத்த பொடி சூடாக வரும். அப்படியே கட்டினால் பாக்கெட்டுக்குள் வியர்த்துக் கட்டி தட்டும். சுத்தமான விரிப்பில் மெல்லிசாகப் பரப்பி இரண்டு மணி நேரம் ஆறவிட்டு, மறுபடி சலித்து, எல்லாப் பொடியையும் சேர்த்துக் கலந்து, பிறகே அடைக்க வேண்டும். உள்ளே தெரிகிற பாக்கெட்டில் போடாதீர்கள், வெளிச்சம் பட்டால் மஞ்சள் நிறம் வெளுக்கும். மிஷினில் மஞ்சள் அரைத்த பின் இரண்டு கிலோ பச்சரிசி விட்டு ஓட்டிக் கழுவாமல் அடுத்த சரக்கைப் போட்டால், பக்கத்து வீட்டு அரிசிமாவு மஞ்சளாகி உங்கள் மேல் பஞ்சாயத்து வரும்.

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் கறிப்பொடிக்கு இலக்கணம் இருக்கிறது. மசாலாச் சாமான் நூற்றுக்கு 85-க்குக் குறையக் கூடாது, உப்பு 5-ஐத் தாண்டக் கூடாது, ஈரம் 10-ஐத் தாண்டக் கூடாது, சாயம் சேர்க்கவே கூடாது. அந்த விதிப்படி எங்கள் செம்பழுப்புப் பொடியும் கறிப்பொடிதான், அவர்கள் மஞ்சள் பொடியும் கறிப்பொடிதான். ஆகவே சட்டத்தைக் காட்டி வாங்குகிறவரோடு வாதாட முடியாது. நானும் முயன்று பார்த்துவிட்டேன். இங்கிலாந்துக்கோ ஐரோப்பாவுக்கோ போகிற சரக்கில் இன்னொன்று: ஒவ்வாமை தருகிறவை என்று அங்கே கட்டாயம் எடுத்துக்காட்ட வேண்டிய பதினாலில் கடுகும் ஒன்று. பட்டியலில் கடுகு தனித்துத் தெரிய வேண்டும். வேண்டாம் என்றால் அந்த 300 கிராமுக்கு மல்லியைக் கூட்டிவிடலாம், ருசி கெடாது. பெருங்காயம் சேர்க்கிறவர்கள் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு இருக்கும், அதையும் எழுதியாக வேண்டும். கறிவேப்பிலை பற்றியும் குழப்பம் உண்டு. அங்கே தோட்டக் கடைகளில் ‘கறிச் செடி’ என்று விற்பது வெள்ளை பூத்த இலையும் மஞ்சள் பூவும் உள்ள வேறு செடி, மணம்தான் கறிப்பொடி போல இருக்கும். நம் கறிவேப்பிலை அதல்ல. அவர்கள் பொடியில் பொதுவாக இரண்டும் இருக்காது.

ஆர்டர் வரும்போது பெயரை விட்டுவிட்டு வேலையைக் கேளுங்கள். இந்தப் பொடியை எந்தச் சமையலில், எந்தக் கட்டத்தில் போடப் போகிறார்கள்? வறுத்ததா, வறுக்காததா? மஞ்சளா, சிவப்பா, பழுப்பா? ஒரு கிலோ இறைச்சிக்கோ காய்க்கோ எத்தனை கிராம்? இப்போது வாங்குகிற பொடியின் பாக்கெட்டைப் பின்பக்கத்தோடு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாமான் பட்டியல் எடை இறங்குவரிசையில் இருக்கும், முதல் நாலு பெயரைப் பார்த்தாலே பொடி எந்த ஜாதி என்று தெரிந்துவிடும். ‘மெட்ராஸ்’ என்ற சொல் வந்தால் அங்கே அதற்குக் காரம் கூடியது என்று அர்த்தம், சென்னைக்கும் அதற்கும் சம்பந்தம் தேட வேண்டாம். மாதிரியை மூன்று 100 கிராம் பொட்டலமாக்கி, மூன்றிலும் தேதி எழுதி ஒட்டி, ஒன்று அவருக்கு, ஒன்று நடுவில் இருப்பவருக்கு, ஒன்று உங்களிடம் இருட்டில். பார்க்கிற முறையையும் ஒப்புக்கொள்ளுங்கள். நாங்கள் வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு சிட்டிகையை விரலால் இழுத்துப் பார்க்கிறோம். இரண்டு கிராம் பொடியை 100 மில்லி சுடுதண்ணீரில் போட்டு ஐந்து நிமிஷம் மூடிவைத்து முகர்கிறோம். பிறகு 20 கிராம் வெண்ணெயில் ஒரு வெங்காயம் வதக்கி அதில் 5 கிராம் போட்டு ருசி பார்க்கிறோம். கறிக்குழம்பு வைத்துப் பார்த்தால் அந்தப் பொடி தோற்றுத்தான் போகும், அது அதற்கு ஆனதல்ல.

உள்ளூரிலும் இதே கவனம் வேண்டும். ‘கறிமசால்’ என்று போட்ட பாக்கெட்டில் சைவப் பச்சைப் புள்ளி இருந்தாலும் மரக்கறி மட்டும் சாப்பிடுகிற வீட்டு அம்மாக்கள் கையில் எடுக்க மாட்டார்கள். சொல்லிலேயே ஆடு இருக்கிறது. அதே பொடியில் மிளகைக் குறைத்து ‘குருமா மசால்’ என்று போட்டால் எடுத்துக்கொள்வார்கள்.

எங்கள் பில் புத்தகத்தில் இப்போது கறிப்பொடி என்று வரி கிடையாது. ஆட்டுக்கறி மசால் - வறுத்தது, காய்க்கறிப் பொடி - பருப்பு சேர்த்தது, கறித்தூள் - யாழ்ப்பாண வகை, மஞ்சள் கறி பவுடர் - வறுக்காதது. நாலுக்கும் நாலு விலை. போனில் யாராவது “கறிப்பொடி பத்துக் கிலோ” என்றால், எங்களிடம் வேலை பார்க்கிற பெண்கள் முதலில் கேட்பது, “எதுக்குப் போடுறதுங்கண்ணே?”